மூன்று மணிக்குள் ஓட வேண்டும்

பிப்ரவரி 3

அத்தானுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் நலமாக இருந்திருந்தால் நான் எதற்கு எழுதுகிறேன்? மூன்று வருடமாக எழுதாதவன்தானே.

அக்கா போன வாரம் என்னைப் பார்க்க வந்திருந்தாள். உங்களிடம் தோழி வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். உங்கள் கல்லீரல் கெட்டுப்போய்விட்டது, வேறொருவரிடமிருந்து ஒரு துண்டு வெட்டி வைத்தால்தான் பிழைப்பீர்கள் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவள் ரத்தம் உங்களுக்குச் சேராது, மகளுக்கு இன்னும் வயசாகவில்லை, உங்கள் பக்கத்தில் யாரும் இல்லை என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். கொடு என்று கேட்கவில்லை. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அப்படிப் பார்த்தால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்கே தெரியும்.

சோதனை செய்துகொண்டேன். ரத்தம் சேர்கிறது. ஆனால் ஸ்கேனைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "உங்க லிவர்ல கொழுப்பு நிறையப் படிஞ்சிருக்கு. இதை இப்படியே வெட்டி வச்சா அவருக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது. ரெண்டு மாசம் டைம் தர்றேன். மூச்சு வாங்க ஓடுங்க, சைக்கிள் மிதிங்க, எதையாவது பண்ணி கரைச்சுட்டு வாங்க" என்றார். அதற்கு மேல் உங்களால் காத்திருக்க முடியாது என்பதை அக்கா வெளியே போனபிறகு சொன்னார்.

ஆக, என் தொப்பைதான் நடுவில் நிற்கிறது. சிரியுங்கள். சிரிக்க உங்களுக்குச் சொல்லியா தரணும்? உங்கள் வீட்டில் என் பாரம் தாங்காமல் நாற்காலி உடைந்தபோது, உடைந்த காலைத் தூக்கிக்கொண்டு போய் வந்தவர்கள் எல்லோரிடமும் காட்டியவர் நீங்கள். அடுத்த தடவை வந்தால் வெல்டரிடம் சொல்லி எனக்கென்றே ஓர் இரும்பு முக்காலி தயாராக இருந்தது. என் மனைவி எதிரில், என் மகள் எதிரில் "மச்சான் சீட் ரிசர்வ்டு" என்றீர்கள். அன்றைக்குத்தான் நான் சாப்பிடாமல் எழுந்து போனேன்.

போனில் பேசினால் இதெல்லாம் வாய்க்கு வந்துவிடும். எழுதினால் கொஞ்சம் யோசித்துத் திட்டலாம். அதனால் எழுதுகிறேன்.

மச்சான்

*

பிப்ரவரி 9

மச்சானுக்கு,

பஸ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இத்தனை வருடம் உட்கார்ந்து எத்தனையோ கடிதம் படித்துவிட்டேன். உன் கடிதம் மாதிரி சுத்தமான புகார் ஒன்றுகூட வந்ததில்லை. இடம், சேதம், சாட்சி எல்லாம் இருக்கிறது. நிவாரணம் மட்டும் கேட்கவில்லை.

உன் அக்காவிடம் கல்யாணச் சாப்பாடு எப்படி என்று கேட்டேன். முதலில் நன்றாக இருந்தது என்றாள். பிறகு அழுதாள். உண்மை வெளியே வந்தது.

நேராகவே சொல்கிறேன். வேண்டாம். ஒரு நோயும் இல்லாத ஆளை மேசையில் படுக்கவைத்து வயிற்றைக் கிழிக்கிற வேலை இது. கல்லீரலில் பாதிக்கு மேல் எடுப்பார்களாம். அது தானாக வளர்ந்துவிடும் என்கிறார்கள். ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால்? உன் மகள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே நான் போய்ச் சேரலாம். உன்னைக் கொண்டுபோய் ஆபத்தில் நிறுத்திவிட்டு நான் பிழைத்துக் கிடக்க முடியாது.

டாக்டரிடம் நானே சொல்லிவிடுகிறேன். நீ ஓட வேண்டாம். முக்காலி விஷயத்தை இன்னொரு நாள் பேசலாம்.

அத்தான்

*

பிப்ரவரி 17

அத்தானுக்கு,

உங்களைக் கேட்டுக்கொண்டு நான் ஓட ஆரம்பிக்கவில்லை. என் அக்கா தாலியைப் பிடித்துக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள் என்று உங்கள் மகள் என் மகளிடம் சொல்லியிருக்கிறாள். நான் ஓடுவது அவளுக்காக. நடுவில் நீங்கள் பிழைத்துத் தொலைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பேக்கரியில் விடிவதற்கு முன்பே நுழைந்தால் இரண்டரை மணிக்குத்தான் வெளியே வருகிறேன். கேக் மாஸ்டர் என்று பேர்தான் பெரிசு. மாவு, கிரீம், ஜாம், ஒவ்வொரு தொட்டியும் என் நாக்கைத் தாண்டித்தான் அடுத்த மேசைக்குப் போகணும். நாலு மணிக்கு மறுபடி சாயங்கால வேலை. பக்கத்துத் தெரு ஜிம்மில் மூன்று மணிக்கு மேல் பெண்கள் நேரம். ஆக எனக்குக் கிடைப்பது ஓடிப்போய்ச் சட்டை மாற்றுவது உள்பட அரை மணி.

அங்கே பயிற்சி தருகிற அம்மா ஒருகாலத்தில் ஹாக்கி ஆடியவராம். கழுத்தில் விசில். எல்லோரும் விசிலம்மா என்கிறார்கள். அரை மணியில் என்னம்மா பண்ண முடியும் என்று இழுத்தேன். "அரை மணி தாராளம். ஆனா அந்த அரை மணி நீங்க என் கையில" என்றார். ஒரு நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓடணும், இரண்டு நிமிஷம் நடக்கணும், மறுபடி விசில். முதல் நாள் ஓடுகிற மெஷினின் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நன்றாக வேகம் வைத்தேன். எண்ணெல்லாம் பிரமாதமாக ஏறியது. விசிலம்மா வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். "கம்பியில தொங்கிட்டு வந்தா மெஷின்தான் ஓடுது, நீங்க ஓடல" என்றார். கையை விட்டேன். கண்ணில் பூச்சி பறந்தது.

மூன்று மணி அடித்ததும் பெண்கள் வாசலில் வந்து நின்றுகொண்டு என்னையே பார்க்கிறார்கள். மூச்சிரைக்கக்கூட நேரம் தருவதில்லை, தெருவில் போய்த்தான் இரைக்கிறேன்.

டாக்டரிடம் ஏதாவது சொன்னீர்களானால் நான் நேரில் வருவேன்.

மச்சான்

*

பிப்ரவரி 26

மச்சானுக்கு,

டாக்டரிடம் சொல்லத்தான் போனேன். "உங்க மச்சான் ஏற்கெனவே போன் பண்ணிட்டார். நீங்க என்ன சொன்னாலும் காதுல வாங்க வேண்டாம்னார்" என்று சிரித்தார். சரி, ஓடித் தீர்த்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

உன் விசிலம்மாவைப் படித்து உன் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகிறது. அதற்காகவாவது தொடர்ந்து எழுது.

என் பக்கம் சொல்ல அதிகமில்லை. பசி என்றால் என்ன என்றே மறந்துவிட்டது. உன் அக்கா தட்டோடு வந்தால் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு வாய்க்கு மேல் குமட்டுகிறது. அவள் மீதியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் அங்கே கொஞ்ச நேரம் நிற்கிறாள். கண் மஞ்சளாகிவிட்டதால் தெருவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போகிறேன். பால்காரர் சினிமாவில் சேர்ந்துவிட்டீர்களா என்று கேட்கிறார்.

இன்னொன்று. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டுவிட்டது. கை கால் எல்லாம் குச்சி, வயிறு மட்டும் எனக்கு முன்னால் அறைக்குள் போகிறது. சாய்ந்து உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது, முதுகில்லாத இருக்கையில்தான் உட்கார முடிகிறது. வீட்டில் அப்படி இருப்பது ஒன்றே ஒன்று. நீ நினைப்பது சரி. அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நல்ல பலமான முக்காலி. ஆனால் உட்கார்ந்திருப்பவனுக்கு அவ்வளவு சிரிப்பு வருவதில்லை.

அத்தான்

*

மார்ச் 12

அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை நேற்றே எழுத ஆரம்பித்தேன். நேற்று எழுதியதில் ஒரே பெருமை. விசிலம்மா வாரத்தில் இரண்டு நாள் சைக்கிளுக்கு மாற்றிவிட்டார், படியேறும் மெஷினையும் பழக்கிவிட்டார், இப்போது விசிலுக்கு விசில் நிற்காமல் ஓடுகிறேன் என்றெல்லாம் எழுதியிருந்தேன். சாப்பாட்டில் சர்க்கரையை விட்டாயிற்று. மத்தியானம் வேகவைத்த காய்கறி, ராத்திரி முட்டையும் கீரையும். என் மனைவி தட்டைப் பார்த்து "ஆட்டுக்கு வைக்கிற மாதிரி இருக்கு" என்கிறாள். பேக்கரியில் புது அன்னாசி கேக்குக்கு உத்தரவு வந்ததில் மட்டும் நிம்மதியில்லை. கிரீம் ஒரு நாள் புளிக்கிறது, ஒரு நாள் திகட்டுகிறது, வழித்து வழித்து நாக்கில் வைத்துப் பார்த்து, முதலாளி சரி என்று சொல்வதற்குள் நாக்கே செத்துவிட்டது.

இன்று ஸ்கேன். கொழுப்பு அப்படியே இருக்கிறது, அத்தான். துளி குறைந்திருக்கிறது, ஆனால் போதாது. டாக்டர் என்னைத் திட்டக்கூட இல்லை. "சரியா ஓடுறீங்களா?" என்று கேட்டார். ஓடுகிறேன் என்றேன். "சரியா சாப்பிடுறீங்களா?" என்றார். சாப்பிடுவதே இல்லை என்றேன். நம்பாத மாதிரி தலையாட்டினார். கடைசியாக இன்னும் ஒரே ஒரு மாதம் தருவதாகவும், அதிலும் இல்லையென்றால் வேறு வழி தேடணும் என்றும் சொன்னார். வேறு வழி எதுவும் இல்லை என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அழுதேன். இவ்வளவு பெரிய உடம்பு அழுதால் ஒளிந்துகொள்ளவும் முடியாது. டோக்கன் கொடுக்கிறவர் வந்து "யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை, இனிமேல்தான் என்று சொல்லத் தோன்றியது.

என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. உங்களுக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மச்சான்

*

மார்ச் 15

மச்சானுக்கு,

இது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து. வயிற்று நீரை வடிப்பதற்காகச் சேர்த்திருக்கிறார்கள். பயப்படும்படி இல்லை. உன் ஸ்கேன் விஷயத்தை உன் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை, அதற்கு முன் உன்னிடம் ஒன்று கேட்கணும்.

புகார்க் கடிதத்தில் ஜனங்கள் கொட்டை எழுத்தில் எழுதுவதை நான் இரண்டாவதாகத்தான் படிப்பேன். கண்டக்டர் திட்டினான், திட்டினான் என்று பக்கம் பக்கமாக இருக்கும். போகிற போக்கில் "நான் சீட்டில் காலை வைத்திருந்தபோது" என்று ஒரு வரி வரும். விஷயம் அதில்தான் இருக்கும். இங்கே வேறு வேலை இல்லாததால் உன் கடிதங்களை அப்படிப் படித்தேன்.

ஒவ்வொரு தொட்டியும் உன் நாக்கைத் தாண்டித்தான் போகணும் என்று எழுதியிருக்கிறாய். அன்னாசி கிரீமை வழித்து வழித்துப் பார்த்தாய் என்று எழுதியிருக்கிறாய். அதே கடிதத்தில் டாக்டரிடம் சாப்பிடுவதே இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு வருகிறாய். நீ பொய் சொல்கிறவன் இல்லை. அதனால் கேட்கிறேன். நாக்கில் வைத்த கிரீம் பிறகு எங்கே போகிறது, மச்சான்? அரை மணியில் நீ வேர்த்து வடித்ததை விடிந்ததிலிருந்து கரண்டி கரண்டியாகத் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டிருக்கிறாய். விசிலம்மாவுக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, உனக்கே தெரியவில்லை.

இரண்டாவது விஷயம். வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அப்போது மனசாரத்தான் எழுதினேன். நேற்று பக்கத்துக் கட்டில்காரரை வெள்ளைத் துணி போர்த்தி வெளியே கொண்டுபோனார்கள். காலையில் என்னிடம் பேப்பர் வாங்கிப் படித்தவர். எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது, மச்சான். மகள் படித்து முடிப்பதைப் பார்க்கணும் என்று இருக்கிறது. உன் அக்கா ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்குவதைப் பார்க்கணும். உன் கல்லீரல் எனக்கு வேண்டும். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்.

ஓடு.

அத்தான்

*

மார்ச் 19

அத்தானுக்கு,

கடிதத்தைக் கிரீம் மேசையில் வைத்துத்தான் படித்தேன். கையில் கரண்டி. வாயில் கிரீம். நகரவே முடியவில்லை.

ருசி பார்ப்பதைச் சாப்பாடு என்று நான் நினைத்ததே இல்லை. தட்டில் போட்டு உட்கார்ந்தால்தானே சாப்பாடு? அது என் வேலை, உங்களுக்குப் பேனா மாதிரி எனக்குக் கரண்டி. அன்றைக்கு ஒரு காலி டப்பாவை வைத்துக்கொண்டு, விழுங்குகிறபோதெல்லாம் அதே அளவு அதிலும் போட்டேன். வேலை முடிகிறபோது டப்பா நிரம்பி மூடி போட முடியவில்லை. விசிலம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த அம்மா தலையில் கை வைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரித்தார். பிறகு விசிலைக் கழற்றி என் மேலே எறிந்தார்.

இப்போது டீத்தூள் ருசி பார்க்கிறவர்கள் மாதிரி நாக்கில் வைத்துவிட்டுத் துப்பிவிடுகிறேன். முதலாளி பதறிப்போய் "யாராவது பாத்தா கடையை மூட வேண்டியதுதான்" என்றார். அதனால் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் போய்த் துப்புகிறேன், வாய் கொப்பளிக்கிறேன், திரும்பி வருகிறேன். அதுவே ஒரு நடை.

விசிலம்மா என் கதையை மூன்று மணிப் பெண்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் கூடிப் பேசி, நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்வரை என்னை இருக்க விட்டிருக்கிறார்கள். கடைசி மெஷின், சுவரைப் பார்த்தபடி, திரும்பக் கூடாது என்று நிபந்தனை. சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறேன். கொஞ்சம் தொய்ந்தால் முதுகுக்குப் பின்னால் "அண்ணா, வேகம் குறையுது!" என்று நாலைந்து குரல் வருகிறது. விசிலே தேவலை.

நீங்கள் கேட்டது கிடைக்கும். அதுவரை பிடித்துக்கொண்டு இருங்கள்.

மச்சான்

*

ஏப்ரல் 13

அத்தானுக்கு,

குறைந்துவிட்டது! டாக்டர் ஸ்கேனை விளக்கில் வைத்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார், இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு அவரிடமும் காட்டினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "என்ன பண்ணீங்க? இது வேற ஆளோட லிவர் மாதிரி இருக்கு" என்றார். துப்பினேன் டாக்டர் என்றேன். அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை, வெளியே ஓடிவந்து அக்காவுக்குப் போன் செய்தேன்.  அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.  அப்புறம் "சாப்டியாடா?" என்று கேட்டாள்.

தொப்பை முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் உள்ளே சுத்தமாகிவிட்டதாம், அதுதான் முக்கியமாம். ஆபரேஷன் அடுத்த வாரம். பையோடு வருகிறேன்.

மச்சான்

*

ஏப்ரல் 20

மச்சானுக்கு,

நேற்று நீ அறைக்குள் வந்தாய்.  இத்தனை எழுதின இரண்டு பேரும் ஆஸ்பத்திரி லிஃப்ட் மெதுவாகப் போவதைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிந்தோம். அதனால் நான்காம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு இந்தத் தாளை உன் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், பிரிப்பாள்.

நாளைக் காலையில்கூட உனக்கு மனசு மாறலாம் என்று டாக்டர் சொன்னார். நீ அவரிடம் மட்டும் சொன்னால் போதும். எங்களிடம் "ஒரு சோதனையில் சரியாக வரவில்லை" என்று அவரே சொல்லிவிடுவாராம். அப்படி அவர் வந்து சொன்னால் நான் ஒருபோதும் துருவிக் கேட்க மாட்டேன். உன்மேல் ஒரு சின்ன வருத்தம்கூட இருக்காது. நீ இதுவரை ஓடினதே எனக்குப் போதும்.

அத்தான்

(அதே தாளின் பின்பக்கம்)

அத்தான், பேசாமல் தூங்குங்கள். காலையில் வேலை இருக்கிறது.

*

ஏப்ரல் 26

அத்தானுக்கு,

எனக்கு நினைவு வந்து நாலு நாளாகிறது. இருமினால் உயிர் போகிறது, சிரித்தால் அதைவிட மோசம். நேற்று வராண்டாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். விசிலம்மா பார்த்திருந்தால் விரலைப் பிரித்துவிட்டிருப்பார்.

உங்களைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். "நல்லா இருக்கார், தூங்கறார்." நர்ஸ் அதையே சொல்கிறார், டாக்டர் அதையே சொல்கிறார். அக்காவும் அதையே சொல்கிறாள், ஆனால் என் கண்ணைப் பார்க்காமல் சொல்கிறாள். நேற்று முன்தினம் உங்களுக்குக் காய்ச்சல் என்று யாரோ பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது. என்னுடையதை உங்கள் உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லையா? எனக்கு வலிப்பது பெரிசில்லை. வீணாகிவிட்டதோ என்று நினைக்கிறபோதுதான் தாங்க முடியவில்லை.

அவர்கள் யார் பேச்சையும் நம்ப மாட்டேன். நீங்களே எழுதுங்கள். ஒரு வரி போதும். திட்டி எழுதினாலும் சரி.

மச்சான்

*

ஏப்ரல் 29

மச்சானுக்கு,

எழுத்துக் கோணல்மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

காய்ச்சல் உண்மை. இரண்டு நாள் எல்லோரையும் கலங்கடித்துவிட்டது. உன் அக்கா உன் கண்ணைப் பார்க்காததற்கு அதுதான் காரணம், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. மூன்றாம் நாள் இறங்கியது. உன்னுடையது உள்ளே ஒழுங்காக வேலை செய்கிறது என்று இன்று காலை டாக்டர் சொன்னார். நர்ஸ் கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினார். கண் வெள்ளையாக இருக்கிறது. நானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் உனக்கு எழுத வேண்டியது அது இல்லை. மத்தியானம் உன் அக்கா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, துணி மடித்துக்கொண்டிருந்தாள். வராண்டாவில் சாப்பாட்டு வண்டி போகிற சத்தம் கேட்டது. எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. வலி என்று நினைத்தேன், வலி இல்லை. என்ன என்று கண்டுபிடிக்கவே நேரமாகிவிட்டது.

"பசிக்குது" என்றேன்.

அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு "என்ன சொன்னீங்க?" என்றாள்.

"பசிக்குதுடி. ஏதாவது இருந்தா கொடு."

துணியை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, "அவருக்குப் பசிக்குதாம், அவருக்குப் பசிக்குதாம்" என்று வராண்டா முழுவதும் கேட்கும்படி கத்தினாள். ஏதோ ஆபத்து என்று நினைத்து இரண்டு நர்ஸுகள் ஓடிவந்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்களில் ஒருத்தி உன் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

சூப் வந்தது. உப்பு இல்லை, காரம் இல்லை, வெறும் சுடுதண்ணீரில் காய்கறியைக் காட்டி எடுத்தது மாதிரி இருந்தது. முழுக் கிண்ணத்தையும் குடித்துவிட்டு, கிண்ணத்தைச் சாய்த்து அடியில் இருந்ததையும் குடித்தேன். இன்னும் வேண்டும் என்றேன். உன் அக்கா கீழே வாங்கப் போயிருக்கிறாள். அவள் திரும்பி வருவதற்குள் உனக்கு எழுதிவிடலாம் என்று ஆரம்பித்தேன், இதோ வந்துவிட்டாள். சூடாக இருக்கிறது. பேனாவைக் கீழே வைக்கிறேன்.

அத்தான்